ஒரு நல்ல படகா, இரண்டு சுமாரான படகா?

மும்பை செம்பூரில் எங்கள் நண்பர் வட்டத்தில் இந்த வருஷம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, கையால் செய்த பாய்ப்படகுகளைத் தண்ணீரில் இறக்கிப் பொழுதைக் கழிப்பதாகத் திட்டம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. புளியோதரை உண்டு, தயிர்சாதம் உண்டு, நீச்சல் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் உண்டு. கையில் இருக்கும் பணத்துக்கும் கிடைக்கிற வார இறுதிகளுக்கும் எந்தப் படகைச் செய்வது என்பதுதான் கேள்வி.

பட்டியலில் நாலு பெயர்கள் இருக்கின்றன. எட்டடி நீளப் பெட்டிப் படகு, அதையே இழுத்து நீட்டிய பன்னிரண்டடிப் படகு, இங்கிலாந்தில் பிறந்த மிர்ரர், அப்புறம் நம் ஊர்க் கட்டுமரம். என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டடிப் பெட்டி, அதுவும் இரண்டு. தண்ணீரில் ஓடும் அழகை மட்டும் பார்த்தால் பன்னிரண்டடிதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் ஏன் இரண்டு பெட்டி என்கிறேன் என்பதற்கு மும்பையின் வீடு, சாலை, சேறு, ஏற்றவற்றம் எல்லாவற்றையும் கொஞ்சம் பேச வேண்டும்.

கட்டுமரத்தை முதலில் தள்ளிவிடலாம். யாராவது ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு அதைச் சொல்லத்தான் செய்வார். எங்கள் வட்டத்திலும் சொன்னார். சோழமண்டலக் கரையின் மணலுக்கும் கரையில் மடிந்து விழும் அலைக்கும் அதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. தண்ணீர் ஏறினால் கட்டைகளின் இடுக்கு வழியாகவே வடிந்துவிடும், மூழ்கவே மூழ்காது. ஆனால் உட்காருபவர் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்த்துக் கட்டைகளை உலர்த்த வேண்டும். லேசான, நீளமான கட்டைகளை மும்பையில் எங்கே போய்த் தேடுவது? தமிழ்நாட்டிலேயே 2004 சுனாமிக்குப் பிறகு பெரும்பாலான கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. தெர்மோகோல் பாளங்களை வைத்து ஃபைபர் சுற்றிச் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடையில் மலிவாகக் கிடைக்கிற பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எபாக்சியில்தான் செய்ய வேண்டும், அந்த அளவு எபாக்சிக்கு ஆகும் செலவில் ஒழுங்கான மரப்படகே செய்யலாம்.

மிர்ரரைத் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை. 1963-இல் லண்டன் டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவில் வந்த படகு அது. வடிவமைத்தவர் ஜாக் ஹோல்ட். வீட்டு வேலைகளை மக்களே செய்துகொள்ளத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்த பாரி பக்னெல் அவரோடு சேர்ந்தார். ப்ளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடி நாடாவும் பசையும் பூசி இறுக்குவது அவர்கள் காட்டிய வழி. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, ஆணியே இல்லாமல் மசூலாப் படகு கட்டிய கரையைச் சேர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நீளம் 3.3 மீட்டர், வெற்று உடல் எடை சுமார் 45 கிலோ, சிவப்புப் பாய். 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அலை மேல் ஏறி இறங்கும் மூக்கு, இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் உட்காரும் இடம், பார்க்கவும் லட்சணம்.

ஆனால் துண்டுகள் அதிகம். ஒவ்வொரு பலகையும் வளைந்த ஓரம் கொண்டது. முன்பாய், பெரிய பாய் என்று இரண்டு பாய், அவற்றுக்கு எத்தனையோ கயிறு. வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு ஒரு பருவம் முழுக்க அதிலேயே போய்விடும். பணி ஓய்வு பெற்றவர், தரைத்தளத்தில் வீடு, பொறுமைசாலி என்றால் அவருக்கு நான் மிர்ரரைத்தான் சொல்வேன். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து செய்யும் முதல் படகுக்குச் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு வாரம் வந்து போகும் வேலையில், நுணுக்கமான மூட்டுகள் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் இருக்கும்.

ஆக, போட்டி எட்டடிக்கும் பன்னிரண்டடிக்கும்தான்.

எட்டடிப் பெட்டியின் பூர்வீகம், அமெரிக்காவில் டேவிட் ரௌத் என்பவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட வடிவம். படில் டக் என்று பெயர். நீளம் 8 அடி, அகலம் 4 அடி, அதாவது கடையில் விற்கும் ஒரு ப்ளைவுட் தாளின் அளவு. பக்கச் சுவர்கள் நேரானவை. அடிப்பலகை மட்டும் முன்னும் பின்னும் மேல்நோக்கி வளையும். விதி ஒன்றுதான் முக்கியம்: உடலின் கீழ் 10 அங்குலம் எல்லாப் படகிலும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பாய், பாய்மரம், இருக்கை, வண்ணம் எல்லாம் செய்பவர் இஷ்டம். மூன்று தாளில் முடிந்துவிடும். தாராவியில் மேசை, அலமாரி செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது படகா, அரிசிப் பெட்டியா?” என்றார். “மிதக்கிற அரிசிப் பெட்டி, அண்ணாச்சி” என்றேன். “அப்போ ரெண்டு நாள் வேலைதான்” என்று அளவுகோலை எடுத்துவிட்டார். மிர்ரர் படத்தைக் காட்டியிருந்தால் அந்த அளவுகோல் இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருக்காது.

பன்னிரண்டடி, பிலிப்பைன்ஸில் வாழும் ஆஸ்திரேலியரான மைக்கேல் ஸ்டோரர் போட்ட கூஸ் என்ற வடிவம். பெட்டியின் அதே நாலடி அகலம், அதே நேர்ச்சுவர். நீளம் மட்டும் நாலடி கூடுதல். மணிலாவுக்குத் தெற்கே தால் ஏரியில் குடும்பங்களும் பள்ளிகளும் இதைக் கட்டி ஓட்டுகின்றன. பாய் 8 சதுர மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குக் காற்றுப்பெட்டி இருப்பதால் கவிழ்ந்தாலும் நிமிர்த்தும்போது உள்ளே கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். அந்தப் பக்கப் பெட்டி யோசனையை எட்டடிக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேகத்தில் என்ன வித்தியாசம்? தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு நீளத்தைப் பொறுத்து ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் (கடலில் வேகம் அளக்கும் அலகு) கணக்கில் வேகம் வரும். முழு நீளமும் தண்ணீரில் இருப்பதாக வைத்துக்கொண்டால் எட்டடிக்கு சுமார் 3.8 நாட், மணிக்கு 7 கிலோமீட்டர். பன்னிரண்டடிக்கு 4.6 நாட், எட்டரை கிலோமீட்டர். காகிதத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் எதிரே இரண்டு நாட் வேகத்தில் வற்றுநீர் ஓடினால் ஒன்றுக்கு மிச்சம் 1.8, இன்னொன்றுக்கு 2.6. கரைக்குத் திரும்ப நினைக்கும்போது அந்த முக்கால் நாட் வேகத்தின் அருமை தெரியும். காற்று பலமானால் தட்டையான அடிப்பலகை தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும். அதிலும் நீளமான படகுதான் சீக்கிரம் எழும்பும். சிற்றலையில் எட்டடியின் மொட்டை மூக்கு பளார் பளார் என்று அறையும், உட்கார்ந்திருப்பவர் முகத்தில் தண்ணீர் அடிக்கும். பன்னிரண்டடி அதே மொட்டை மூக்கோடு ஓரளவு மிதந்து தாண்டிவிடும். மூன்று பெரியவர்களை ஏற்றினாலும் தாங்கும். பெட்டியில் இரண்டு பேர்; அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இவ்வளவும் பன்னிரண்டடிக்குச் சாதகம். இனி கரைக்கு வருவோம்.

மும்பையில் படகைக் கட்டுவது எங்கே, வைப்பது எங்கே? நாலடி அகலப் பெட்டி மூன்றடிக் கதவுக்குள் நுழையாது என்றுதான் முதலில் தோன்றும். ஒருக்களித்துச் சாய்த்தால் அதன் உயரம் 16 அங்குலம்தான். கதவு வழியாகப் போகும், எட்டடி என்பதால் நடைவழியில் திரும்பவும் செய்யும். தரைத்தள வீட்டுக் கூடத்தில் கட்டி வெளியே கொண்டுவரலாம். பன்னிரண்டடிக்கு அந்தப் பேச்சே கிடையாது; திறந்த இடமோ கடைத்தாழ்வாரமோ வேண்டும். முடிந்த பிறகு அடுக்குமாடிச் சொசைட்டியின் வண்டி நிறுத்துமிடத்தில் சுவரோரமாக ஒருக்களித்து வைத்தால் பெட்டி அடைப்பது எட்டடிக்கு ஒன்றரை அடி. இரண்டு பைக் நிற்கும் இடத்தைவிடக் குறைவு. செக்ரட்டரியிடம் பேசலாம். பன்னிரண்டடியை வைத்த ஒரு நண்பர் வீட்டில் பொதுக்குழுக் கூட்டத்தில் தீர்மானமே போட்டார்கள். படகுக்குப் பார்க்கிங் கட்டணம் உண்டா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வாட்ச்மேன் மட்டும் அதற்குள் ஈரத்துணி காயப் போடுகிறார்.

அடுத்தது எடை. வெளிநாட்டு வரைபடங்கள் சொல்லும் எடையை அப்படியே நம்பக் கூடாது. அவர்கள் ஒக்குமே போன்ற லேசான மரத்து ப்ளைவுட்டைக் கணக்கில் வைத்துச் சொல்கிறார்கள். நமக்குக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கர்ஜன் என்ற மரத்தை மேலே ஒட்டிய, கனமான பலகை. ஆறு மில்லிமீட்டர் முழுத்தாள் 12 கிலோ சுற்றில் வரும். பெட்டிக்கு மூன்று தாள், சட்டம், பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 45 கிலோ. பன்னிரண்டடிக்கு, அடிப்பலகையே ஒன்றரைத் தாள், வெளிச்சுவர், உள்சுவர், மேல்மூடி என்று கூட்டினால் நாலரையிலிருந்து ஐந்து தாள். எடை 70 கிலோவை நெருங்கும். எட்டடிக்கு மேல் தாள் கிடைக்காது என்பதால் பலகைகளை ஒட்டு வைத்து இணைக்கவும் வேண்டும். பெட்டியை இரண்டு பேர் தூக்கலாம், சின்ன டெம்போவில் வாலை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். மற்றதற்கு நாலு பேர், நீளமான வண்டி, சிவப்புத் துணி, சாலைச் சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரருக்கு விளக்கம்.

தாள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒரு பன்னிரண்டடிக்கு ஐந்து தாள். இரண்டு பெட்டிக்கு ஆறு தாள். என் முழு வாதமும் இந்த ஒரு தாளில்தான் நிற்கிறது.

ஐந்தாறு குடும்பங்கள் வரும் இடத்தில் ஒரே ஒரு நல்ல படகு இருந்தால் என்ன நடக்கும்? கட்டியவர் சுக்கான் பிடிப்பார், இரண்டு பேர் ஏறுவார்கள், மீதி இருபது பேர் கரையில் நின்று கை காட்டுவார்கள். “மாமா, அடுத்து நான்” என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். இரண்டு ஒரே மாதிரி படகு இருந்தால் யாரும் சொல்லாமலே பந்தயம் தொடங்கிவிடும். பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் அதுதான் நல்ல வழி. பாயை எவ்வளவு இழுப்பது, எங்கே உட்காருவது என்பதெல்லாம் தனியாக ஓட்டும்போது தெரிவதில்லை. பக்கத்தில் அதே உடல், அதே பாய் உள்ள படகு முந்திப்போகும்போது அவர் என்ன செய்கிறார் என்று கண் தானாகப் பார்க்கும். இன்னொன்று, ஒரு படகு கவிழ்ந்தால் உதவிக்குப் போக இரண்டாவது படகு தண்ணீரிலேயே இருக்கிறது. ஒற்றைப் படகு கவிழ்ந்தால் கரையில் இருப்பவர்கள் கத்தத்தான் முடியும்.

சரி, சிற்றலையில் பெட்டி அறையும் என்றேனே, அதற்கு என்ன வழி? இடத்தையும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மும்பையில் எந்தப் படகு என்ற கேள்விக்கு எந்தத் திதி என்ற கேள்விதான் பாதி பதில்.

கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் ஆசைப்படாதீர்கள். எலிஃபெண்டா படகுகள், மாண்ட்வா படகுகள், கப்பல்கள், கடற்படை எல்லாம் ஓடும் துறைமுக நீர் அது. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபெண்டாவுக்குப் போன பயணிகள் படகின் மேல் கடற்படையின் அதிவேகப் படகு மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பெரிய படகுகளின் அலைவீச்சில் 16 அங்குலச் சுவர் எந்த மூலைக்கு? பவாய் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள். அதில் முதலை இருக்கிறது. கவிழ்ந்து நிமிரும் பயிற்சிக்கு உகந்த இடமில்லை. மிஞ்சுவது இரண்டு: மலாடுக்கு மேற்கே மார்வே, மனோரி கழி (கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் ஓடை), அல்லது லோனாவாலா தாண்டி பவனா அணை நீர்.

பவனாவில் ஏற்றவற்றம் கிடையாது, உப்பு கிடையாது, லோஹ்கட், துங், திகோனா கோட்டைகள் சுற்றி நிற்கும் காட்சி வேறு. காற்றுதான் சொன்னபடி கேட்காது. மலை இடுக்கு வழியாகத் திடீரென்று அடித்து, திடீரென்று செத்துப்போகும். பெட்டி அகலமானது, மெதுவாகத்தான் சாயும். புதியவர்களுக்கு அது நல்லது. தூரம் மட்டும் இடைஞ்சல். இரண்டு பெட்டியையும் இரண்டு டெம்போவில் மலைப்பாதை ஏற்ற வேண்டும். அந்தச் செலவில் பன்னிரண்டடிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும். அணைக்கரையில் தெரிந்தவர் இடம் இருந்து, படகை அங்கேயே கவிழ்த்து வைக்க முடியும் என்றால் என் தீர்ப்பு மாறும். அப்போது பன்னிரண்டடியைச் செய்யுங்கள். வீட்டுக்குத் தூக்கிவரும் வேலை இல்லாத படகுக்கு எடை ஒரு குறையே இல்லை.

மனோரிக் கழி என்றால் கணக்கு வேறு. மும்பையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது உண்டு. நீர் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேர இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்த இறக்கம் 3.6 மீட்டர் என்றால் மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் 90 சென்டிமீட்டர் போய்விடும். அவ்வளவு தண்ணீரும் கழியின் வாய் வழியாகக் கடலுக்கு ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்தில் எட்டடிப் பெட்டி பரிதாபம்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் நண்பகல் வாக்கில் வரும். சுற்றுலாவுக்கு வசதியாகத் தெரியும்: பத்து மணிக்கு வந்து, நிறைந்த தண்ணீரில் இறக்கி, சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறலாம். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்போது வற்று தொடங்கியிருக்கும். நீர் மேற்கே கடலை நோக்கி ஓடும், மதியக் காற்று கடலிலிருந்து எதிரே அடிக்கும். நீரும் காற்றும் எதிரெதிரே மோதினால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பும். பெட்டிக்கு ஆகாதது அதுதான். இன்னும் மோசம், காலையில் வற்று இருக்கும் நாள். தரையிலிருந்து அடிக்கும் வாடையும் வற்றுநீரும் சேர்ந்து படகைக் கடலுக்கே தள்ளும்.

அஷ்டமியை ஒட்டிய நாட்களைப் பாருங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயரம் பௌர்ணமி நாளில் இருப்பதில் பாதிகூட இருக்காது, அதனால் ஓட்டமும் மந்தம். ஏற்றம் காலை ஆறு, மாலை ஆறு வாக்கில், வற்றம் நண்பகலில். மத்தியானம் வந்து, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, இரண்டு மணிக்குமேல் படகை இறக்கினால் தண்ணீர் உள்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும், கடற்காற்றும் உள்நோக்கி அடிக்கும். இரண்டும் ஒரே திசை என்பதால் அலை படுத்திருக்கும். பாய் கிழிந்தாலும் சுக்கான் உடைந்தாலும் படகு கழிக்குள்ளேதான் ஒதுங்கும், கடலுக்குப் போகாது. ஐந்து மணிக்குத் திரும்பும்போது கரையில் தண்ணீர் நிறைந்திருக்கும், முழங்கால் சேற்றில் நடக்க வேண்டாம். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். எங்கள் வீட்டு அத்தையிடம், “நாங்க ஒண்ணும் தொடங்கலை அத்தை, சும்மா மிதக்கத்தான் போறோம்” என்று சமாளித்திருக்கிறேன். நாள்காட்டியில் திதியைப் பார்த்த கையோடு அன்றைய ஏற்றவற்ற அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். நேரம் நாளுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதும் அவசியம். 2008 நவம்பர் 26-க்குப் பிறகு, பதிவு எண் இல்லாத சின்னப் படகு கரையில் ஒதுங்கினால் இந்த நகரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. இருக்கவும் கூடாது.

சேற்றுக்கரை என்பதால் இன்னொரு தேர்வும் தானாக முடிந்துவிடுகிறது. காற்றுக்குக் குறுக்கே போக அடியில் ஒரு பலகை இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். நடுவில் துளை போட்டுச் செங்குத்தாக இறக்கும் பலகையா, பக்கச் சுவரில் தொங்கும் பலகையா? ஏரிக்கு முதலாவது நேர்த்தி. கழிக்கு இரண்டாவதுதான், சேற்றில் தட்டினால் தானே பின்னால் மடங்கும், உடலில் துளை கிடையாது, ஒழுகவும் ஒழுகாது. சுக்கானும் அப்படியே மடங்கும்படி இருக்கட்டும்.

பாய் விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. நாற்கரப் பாய், மேலே ஒரு கம்பு, கீழே ஒரு கம்பு, ஒரே கயிற்றில் ஏற்றி இறக்கும் வகை. பாய்மரம் குட்டையாக இருந்தால் போதும், தாங்கு கம்பிகள் வேண்டாம், காற்று மிஞ்சினால் ஒரு கயிற்றை விட்டதும் பாய் படகுக்குள் விழும். இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவில் 5 சதுர மீட்டருக்குச் சற்று மேல் வெட்டுங்கள். முதல் வருஷத்துக்கு வெள்ளைத் தார்ப்பாலின் போதும்; இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் மடிப்பைப் பிடித்துவிட்டு, பை தைக்கும் கனமான மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் தைத்துவிடுவார். அந்தக் கம்புகளுக்கு மூங்கில். கணபதிப் பந்தல்கள் பிரிக்கப்படும் நாட்களில் நல்ல முற்றிய மூங்கில் சல்லிசாகக் கிடைக்கும். முனையிலும் கணுக்களுக்கு நடுவிலும் இறுக்கமாகக் கயிறு சுற்றினால் வெடிப்பு ஓடாது. பாய்மரத்துக்கு மட்டும் மூங்கிலை நம்பாமல் நல்ல மரம் வாங்குங்கள். ரே ரோடு மரக்கடைகளில் கிடைக்கும். கயிறும் கப்பியும் தாருகானாவில், உடைத்த கப்பல்களிலிருந்து வந்த சாமான் கடைகளில் தேடுவது எனக்குப் பிடிக்கும். வேண்டாததையும் வாங்கிவரும் ஆபத்து உண்டு.

ப்ளைவுட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. சமையலறை அலமாரிக்குப் போடும் ஐஎஸ் 303 இரண்டு வருஷம் தாங்கலாம், ஆனால் பிரியத் தொடங்கினால் ஒரே நாளில் பிரியும். பலகைகளை மழைக்காலத்தில் வெட்டி வைத்துக்கொள்ளலாம். எபாக்சியை மட்டும் அக்டோபருக்குப் பிறகு தொடுங்கள், ஈரக்காற்றில் அது பிசுபிசுத்துப் போகும். குழைக்கும்போது ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும்; அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக.

காற்றுப்பெட்டிகளை ஒட்டி மூடுவதற்கு முன் காலி தண்ணீர் பாட்டில்களை இறுக மூடி உள்ளே அடுக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். ஐம்பது லிட்டர் அடுக்கினால் சுவர் ஓட்டையானாலும் ஒரு ஆள் பிடித்துத் தொங்கலாம். லைஃப் ஜாக்கெட் ஏறுபவர் எல்லோருக்கும், அவரவர் எடைக்கேற்ற அளவில். யாரையும் ஏற்றுவதற்கு முன்னால் நீச்சல் தெரிந்த இருவர் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். பெட்டியில் இதை ஒரே ஆள் செய்ய முடியும். பக்கப் பலகையில் ஏறி மிதித்தால் போதும்.

பிள்ளைகளுக்காக மட்டும் செய்கிறீர்கள் என்றால் ஆப்டிமிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது, 2.3 மீட்டர், 35 கிலோ, பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் கற்கிறார்கள். எங்கள் வட்டத்தில் அப்பாக்களுக்குத்தான் படகு ஆசை அதிகம் என்பதால் அது பட்டியலில் ஏறவில்லை.

எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் பன்னிரண்டடிப் பக்கம்தான் நிற்கிறார்கள். இருவருமே ஆறடி உயரம், எடை 90 கிலோவைத் தாண்டியவர்கள். பெட்டியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முழங்கால் மடக்க இடம் போதாது என்பது நியாயமான புகார். ஆளுக்கு ஒரு பெட்டியாக ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஆறு தாளும் வாங்கிவிடுவோம். ஆறையும் ஒரே கடையில், ஒரே சமயத்தில் வாங்குவதாக உத்தேசம். ஒரு படகுக்கு ஒரு பலகை, இன்னொன்றுக்கு வேறு பலகை என்று ஆகிவிட்டால், பின்தங்குகிறவர் வருஷம் முழுக்கப் பலகையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.